சவடால் பேர்வழி

சவடால் பேர்வழிக்கு வரப்புத் தகராறு, வாடகை பாக்கி, வண்டி நிறுத்தும் இடம் என எது கிடைத்தாலும் போதும். முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவார். அடுத்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்பார். இருபது வருஷமாக எதிர்வீட்டில் குடியிருப்பவரிடமும் இதே கேள்விதான். பிடித்து நிறுத்த நாலு பேர் வரும்வரை ஓரடி முன்னே வைக்கமாட்டார். வந்துவிட்டால், "விடுங்கடா என்னை" என்று திமிறுவார்.

அப்போது அவர் வாயில் வரும் வார்த்தைகளைத் தரம் பிரிக்கச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 503, 506, 507. ஸ்டேஷன் வாசலில் இன்னமும் "ஐநூத்தி ஆறு பார்ட் டூ" என்றால்தான் புரியும். ஒருவரின் உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வதாகச் சொல்லி அவரைக் கலங்கடிக்க நினைப்பது குற்றம். அப்படிச் சொல்லி, அவர் செய்யத் தேவையில்லாததைச் செய்யவைக்கவோ, செய்ய உரிமையுள்ளதைத் தடுக்கவோ நினைப்பதும் குற்றமே.

"உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்துறேன்" என்பது பெயருக்குக் கேடு. இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "ஓங்கி அறைஞ்சுடுவேன்" என்பதற்கும் அதே அளவுதான். ஆனால் சவடால் பேர்வழி அறையோடு நிற்பவரல்ல. "பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்" என்பார். பல் பெயர்வது சட்டப்படி கொடுங்காயம். கொடுங்காயம், கொலை, தீவைப்பு என்று மிரட்டினால் ஏழாண்டு வரை போகலாம்; ஸ்டேஷன் வாசலின் அந்த "பார்ட் டூ" இதுதான். பேச்சு களைகட்டட்டும் என்று சேர்த்த ஒரு பல்லுக்கு ஐந்தாண்டு கூடுதல்!

பெயரை மறைத்து மிரட்டினால் மேலும் இரண்டாண்டு வரை உண்டு. இந்த உட்பிரிவு மட்டும் அவரிடம் பலிக்காது. அப்பன் பெயர், பாட்டன் பெயர், தெருப் பெயர் சொல்லாமல் அவர் மிரட்டியதே இல்லை.

அவர் என்ன சொல்லியிருந்தாலும், புகாரில் அது "ஆபாசமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்" என்றே ஏறும். ஒரே அச்சில் வார்த்த இந்தப் புகார்கள் நீதிமன்றங்களுக்குப் பழகியவை. பெங்களூரு போக்குவரத்துப் போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில், ஆய்வாளர் தங்களைக் கடுமையாக நடத்தியதாக எழுதிய தம்பதி மீதே மிரட்டல் வழக்குப் பாய்ந்தது. 2015-இல் அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், கலங்கடிக்கும் நோக்கமில்லாத வெறும் வார்த்தை இந்தப் பிரிவுக்குள் வராது என்றது.

சவடால் பேர்வழிக்கும் தப்பிக்க இதுதான் வழி. ஆனால் தொண்டையில் இறங்காத வழி. அவருடைய வக்கீலே எழுந்து, "இவர் தினமும் இப்படித்தான் கத்துவார், தெருவில் யாரும் சட்டை செய்வதில்லை" என்று வாதாட வேண்டும். எதிரிக் கூண்டில் மீசையோடு நின்று அவர் அதைக் கேட்கவும் வேண்டும். குறுக்கு விசாரணையில் எதிர்வீட்டுக்காரர், "பயமா? இவருக்கா? எதுக்குங்க?" என்றுவிட்டால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

விடுதலையான அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்காரரைத் தெருமுனையில் வழிமறிப்பார். "ஏன்யா, லேசா பயமா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிடுவ?"