களப்பு விட்டுக் களப்பு

25ஆவது திருமண நாளுக்கு மகன் வெனிஸுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தால், கரைத்தீவுக்காரர் என்ன செய்வார்? காலமெல்லாம் புத்தளம் களப்பில் தோணி விட்டவர், களப்புக்குள்ளேயே கட்டிய ஊருக்குப் போய் இன்னொருவர் தோணியில் குந்துவார். கொண்டோலா பகலில் அரை மணிக்கு 90 யூரோ. பாட்டுக்குத் தனிக் காசு.

"இஞ்ச பாருங்க, எங்கட தோணியில எஞ்சினாவது இருக்கு," என்பார் மனைவி.

2024 முதல், கூட்டம் மிகுந்த நாள்களில் பகலோடு திரும்புகிறவர்கள் ஊருக்குள் நுழையவே குறைந்தது 5 யூரோ. சான் மார்க்கோ சதுக்கத்தில் தண்ணீர் ஏறினால் பலகை போடுவார்கள். வந்தவர்கள் அதில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். இங்கே அதே தண்ணீருக்குக் கிராம சேவகரிடம் நிவாரணப் படிவம்.

ரியால்டோ சந்தையில் மீன் விலை கேட்டபின் மனுஷர் ஹோட்டல் வரை வாயே திறக்கமாட்டார்.