பதிவுத் திருமணத்தில் நிலமும் பொழுதும்: சுங்கை வேயிலிருந்து ஓர் ஆய்வு

அகத்திணைக்கு நிலமும் பொழுதுமே முதற்பொருள். பதிவுத் திருமணத்துக்கும் அவையே முதற்பொருள் என்பது இக்கட்டுரையின் துணிபு. மணமக்கள் கருப்பொருளுள் அடங்குவர்.

இதற்கு மூலநூல், முஸ்லிம் அல்லாதாருக்காக 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள மலேசியத் திருமணச் சட்டம். அதன் 22ஆம் பிரிவு மூவகை நிலம் கூறும்: பதிவதிகாரியின் அலுவலகம், உரிமம் பெற்ற வேறிடம், கோயில் முதலியன. அலுவலகமாயின் காலை 6 முதல் மாலை 7க்குள், கதவு திறந்திருக்க மணம் நடைபெற வேண்டும். ஒளிவுமறைவு கூடாது என்பது இதற்குச் சட்டத்தார் உரை. யாரும் வரலாம் என்பது நம் உறவினர் உரை. பின்னதே வழக்கில் நிலைத்தது. சட்டம் கேட்பது குறைந்தது 2 சாட்சிகள். வந்து இறங்குவது 2 வேன்.

முன்னதாக 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. மணத்தை ஆட்சேபிப்போர் அரியர். இடத்தை ஆட்சேபிக்காதோர் அவரினும் அரியர்.

மாப்பிள்ளை வீடு கிள்ளான், பெண் வீடு பிரிக்பீல்ட்ஸ் எனக் கொள்வோம். கிள்ளானார் சுந்தரராஜப் பெருமாள் கோயில் என்பர். எதிர்த்தரப்பு ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் என்னும். அங்கே உதவிப் பதிவதிகாரி உண்டா என்று கேட்பார் இலர். தியென் ஹாவ் சீனக் கோயிலில் படம் நன்றாக விழும் என்பர் தோழியர். அங்குப் பதிவு நடப்பதென்னவோ உண்மை. சித்தப்பா புத்ராஜெயா என்பார். அவர் வீடு அங்கே.

இந்நிலையில்தான், கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நடுவே கிடக்கும் சுங்கை வே நினைவுக்கு வரும். மாமாக்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. 1960களிலிருந்து அங்கே பீர் ஆலை இருக்கிறது. அத்தைகளுக்கும் வேண்டியதில்லை, 1970களில் வந்த மின்னணு ஆலைகளுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தவர்கள் அவர்களில் பலர். ரயிலென்றால் ஸ்ரீ செத்தியா நிலையம். குறை ஒன்றே: கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த ஒன்றில் ஆய்வே கவிழ்ந்தது.

பொழுதுக்கு வருவோம். வெள்ளியன்று விடுப்பு எடுப்பது எளிது, ஆனால் 10.30 முதல் 12 வரை ராகு காலம். சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை. புதனன்றோ எமகண்டம் 9 மணிக்கே முடிந்துவிடும். ராகு 12 மணிக்குத்தான் வரும். இடையே 10.30க்குக் குளிகை. குளிகையில் செய்தது மறுபடி நடக்கும் என்பார்கள். துணை இருக்க மறுமணம் கூடாது என்று மேற்படிச் சட்டமே சொல்வதால், அதையும் தவிர்ப்பது நல்லது.

எப்படியும் ஆர்.ஓ.எம். எனப்படும் பதிவு முடிந்த அன்று பெண் தன் வீட்டுக்குத்தான் திரும்புகிறாள். தாலி ஏறும்வரை அத்தைமார் கணக்கில் அவள் கன்னிப்பெண். ஆகவே முடிபு: தேசியப் பதிவு இலாகா அலுவலகம், புதன்கிழமை, காலை 9 முதல் 10.30க்குள். சாட்சி இருவர் போதும். மற்றவர்களுக்குத் தாலி கட்டும் நாளில் இலை போடப்படும்.