ஆவுளியாகிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களா?

வாங்க தம்பி, உக்காருங்க. படம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. மனோரா கோட்டைக்கு எதிர்த்தாப்புல கடலுக்குள்ள நீட்டமா மேடை, ரெண்டு பக்கமும் வெள்ளைவெளேர்னு படகு, நடுவுல ஓட்டல். கரைக்குக்கூட வெள்ளை மணல் கொட்டியிருக்கீங்க. இங்க காலை வச்சா கணுக்கால் வரைக்கும் சேறு. பரவால்ல, அதையும் டெண்டர்ல சேத்துக்கலாம்.

ஒரே ஒரு சந்தேகம். இந்தப் படத்துல ஆவுளியா எங்க? பட்டணத்துல கடற்பசும்பீங்களே, அதேதான். 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரமா பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை அதுக்கான காப்பகம்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு. பட்டா அது பேர்ல. நீங்க என்கிட்ட வந்து விலை பேசுறீங்க.

ஆளைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். பொழுதுக்கும் அடியில புல்லு மேயும். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கிலோ உள்ள போவணும். மூச்சு வாங்க மட்டும் சில நிமிசத்துக்கு ஒருக்கா மேல வந்து மூக்கை நீட்டும். உங்க படகு சர்ருனு போற நேரமும் அது மூக்கை நீட்டுற நேரமும் ஒண்ணாயிடக் கூடாது. ஆளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் குடுத்துடுங்க.

அமெரிக்காவுல ஃபுளோரிடாங்கிற சீமையில இதோட பங்காளி ஒண்ணு இருக்காம், பேரன் போன்ல காட்டினான். எது எந்த மாடுன்னு படிச்சவங்க முதுகைப் பாத்துத்தான் சொல்றாங்களாம். படகு விசிறி வெட்டின தழும்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தினுசு. அதுங்களுக்கு அதான் ஆதார் கார்டு. நம்ம ஆவுளியாவுக்கும் எடுத்துக் குடுக்கலாம்னுதானே வந்திருக்கீங்க?

படகு வர ஆழம் பத்தாது, தோண்டணும்ங்கிறீங்க. தோண்டுங்க. சேறு கலங்கும், கலங்கினா வெயில் அடிக்குப் போவாது, வெயில் போவலேன்னா புல்லு சாவும். ஆழமில்லாத எடத்துல விசிறி சுத்தினா புல்லு வேரோட வந்துடும். விசிறி கிழிச்ச கோடு மூட வருசக்கணக்கு ஆவும். நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் ஒளிஞ்சு வளர்றது அந்தப் புல்லுக்குள்ளதான். உங்க ஓட்டல் பட்டியல்ல மொதப் பேரே நண்டு வறுவல். எந்த ஊர்லேருந்து லாரியில இறக்குவீங்க?

சேதமானா நஷ்டஈடு தர்றோம்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கீங்க. தாராள மனசுதான். ஆவுளியா ஒரு குட்டி போட பதிமூணு பதினாலு மாசம் சுமக்கும். அடுத்த குட்டிக்கு மூணு வருசமும் ஆவும், ஏழு வருசமும் ஆவும். அது வரைக்கும் உங்க கம்பெனி இருக்குமா?

ஒரு காலத்துல எங்காளுங்களும் அதைக் கறிக்கு வெட்டினவங்கதான். மறைக்கல. இப்ப வலையில மாட்டினா பசங்க வலையை அறுத்து விட்டுடறானுவ. வனத்துறையும் அதுக்கு வெகுமதி குடுக்குது. கரைக்காரன் திருந்தினது பொறுக்காமத்தான் நீங்க கெளம்பி வந்தீங்களோ?

சட்டமும் சொல்லிடறேன், பின்னாடி கெழவன் மறைச்சிட்டான்னு பேச்சு வரக் கூடாது. 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில கடல்புல் வளர்ற எடம் ஒண்ணு-ஏ வகுப்பு, பள்ளிக்கூடத்துல இல்ல, கடல்ல. அங்க தொடணும்னா ரொம்பப் பெரிய எடத்துல பதில் சொல்லணும்.

சும்மா அனுப்ப மாட்டேன், யோசனை ஒண்ணு தர்றேன். மல்லிப்பட்டினத்துல மீன்பிடித் துறைமுகம் ஏற்கெனவே இருக்கு. படகைக் கட்டுறதுன்னா அவங்களைக் கேட்டு அங்க கட்டுங்க. புல்லு இருக்கிற பக்கம் எஞ்சின் வேணாம். துடுப்புப் படகு விடுங்க. பட்டணத்து ஆளு சத்தத்தை வீட்டுலேயே ஓசியில கேட்டுட்டு வர்றான், சத்தமில்லாம கூட்டிட்டுப் போனா ரெட்டைக் காசு குடுப்பான். துடுப்புப் போட எங்க பசங்க இருக்கானுவ. கூலி மட்டும் பாத்துப் போட்டுக் குடுங்க, டீசல் செலவுதான் உங்களுக்கு மிச்சமாச்சே.