நான்கு மடங்கு புள்ளி, பாதி வேகம்

கேள்வி: 2013-இல் அமெரிக்காவில் சுமார் 700 டாலருக்கு வந்த 39 அங்குல, செய்கி (Seiki) என்ற வணிகப்பெயர் கொண்ட 4கே தொலைக்காட்சியைக் கணினித் திரையாக வாங்கியவர்கள் புத்திசாலிகளா, ஏமாளிகளா?

பதில்: அதில் அவர்கள் பார்த்தது நிரல் வரிகளையா, கார்ப் பந்தய விளையாட்டையா? 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் (படத்தை உருவாக்கும் மிகச் சிறிய ஒளி அலகுகள்) கொண்ட அத்திரை, நான்கு முழு எச்.டி. திரைகளை இடையில் சட்டமின்றி ஒட்டிவைத்ததற்கு ஈடானது என்பதால், நாள் முழுவதும் நிரல் எழுதுவோருக்கு அது பெருங்கொடையாகவே இருந்தது; ஆனால் அதன் எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்க இடம் தராததால், வழக்கமான 60 முறைக்குப் பழகிய கண்ணுக்கு மவுஸின் அம்புக்குறிகூடத் தாவித் தாவி நகர்ந்தது. அதே திரை, 1920 × 1080 என்ற குறைந்த தெளிவுக்கு இறங்கினால், நொடிக்கு 120 படங்களை ஏற்றுக்கொண்டது என்பதுதான் வியப்பு.

இன்றும் மலிவான 4கே தொலைக்காட்சியைக் கணினியுடன் இணைக்க விரும்புவோர், 4கே தெளிவில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பித்தல்) கிடைக்கிறதா என்பதோடு, 4:4:4 எனப்படும், நிறத்தகவலைக் குறைக்காமல் அனுப்பும் முறையை அது ஏற்கிறதா என்பதையும் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். பின்னது இல்லையெனில், கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் ஓரம் கலைந்து மங்கலாகத் தெரியும்.