கஞ்சாக் கடைக்கு இடம் பார்த்தல்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

தேனி மாவட்டத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் பீடிக்கட்டு விற்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜம் தள்ளிப் போக வேண்டும். 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் அப்படி. எங்கிருந்து அளப்பது என்ற சண்டை வரக் கூடாது என்பதற்காக, பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்று விதியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதே 2003இல் வந்த தமிழ்நாட்டு மதுவிற்பனை விதிகளின்படி, டாஸ்மாக் கடை கம்பம், போடி, சின்னமனூர் மாதிரியான நகராட்சிகளில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டர் விலகி நிற்க வேண்டும். உத்தமபாளையம் போன்ற பேரூராட்சிகளிலும் கிராமங்களிலும் 100 மீட்டர். கஞ்சா விற்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நாடு முழுக்க எங்குமே விற்கக் கூடாத ஒரு பொருளுக்கு, இன்ன இடத்தில் விற்கக் கூடாது என்று யாரும் தனியாக விதி எழுதுவதில்லை. ஆகவே, பள்ளிச் சுவரை ஒட்டிக் கடை போடச் சட்டச் சிக்கல் இல்லாத ஒரே வியாபாரம் சட்டவிரோதமான வியாபாரம்தான் என்பது இவ்வாய்வின் முதல் முடிபு.

அப்படியானால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் எதைத்தான் அளக்கிறது என்று கேட்பின், எடையை அளக்கிறது. ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல் பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாது. மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றத்துக்குத் தேனியிலிருந்து போகும் வழக்குகளில் பாதி வாதம் தராசைச் சுற்றியே நடக்கும். சட்டப்படி கஞ்சா என்பது பூவோ காயோ விட்ட நுனி மட்டும். நுனி சேராமல் தனியாக வரும் இலையும் விதையும் கஞ்சா ஆகா. மூட்டையோ 21 கிலோ. அதில் தண்டு எவ்வளவு, இலை எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சாக்கின் எடை கழிக்கப்பட்டதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே வருவார். அவர் ஒரு கிலோவை உதிர்த்துவிட்டால் கட்சிக்காரருக்குப் பல வருடங்கள் மிச்சம்.

பள்ளிக்கூடம் இந்தச் சட்டத்தில் வராமலில்லை. 32பி என்ற பிரிவில், குறைந்தபட்சத் தண்டனைக்கு மேல் கொடுக்க நீதிபதி கருதக்கூடிய காரணங்களில் ஒன்றாக வருகிறது. குற்றம் கல்வி நிலையத்துக்கு ‘மிக அருகில்’ நடந்திருக்க வேண்டும். மீட்டரும் இல்லை, கஜமும் இல்லை. பீடிக்கே சுவரிலிருந்து டேப் பிடித்த நாட்டில் கஞ்சாவுக்குக் கண் மதிப்பு போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

முன்பு இப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சாக் கடைக்கு உரிமம் இருந்தது, வரியும் இருந்தது. 1893இல் ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மறு ஆண்டு தொகுதி தொகுதியாக அறிக்கை வந்தது. முழுத் தடை வேண்டாம், வரியை ஏற்று, கடை எண்ணிக்கையைக் குறை, ஒரு ஆள் கையில் வைத்திருக்கும் அளவைக் கட்டுப்படுத்து என்பது அதன் சாரம். 1961இன் சர்வதேச உடன்படிக்கை, பழக்கத்தை விட்டொழிக்க 25 ஆண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில்தான் 1985 சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கடை போனது. வியாபாரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

வருசநாட்டு மலைகளில் ஒரு காலத்தில் தோட்டம் போட்டார்கள். போலீசும் வனத்துறையும் ஏறி வெட்டிக் கொளுத்தினார்கள். இன்று ஆந்திர மலைகளில் விளைந்ததுதான் ரயிலிலும் லாரியிலும் வந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஏறுகிறது. ஊர்ப்பெயர் மட்டும் பழைய புகழில் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. மற்றதற்கு இதுவரை விண்ணப்பம் வந்ததாகத் தெரியவில்லை. வந்தாலும் ஆந்திரச் சரக்கு என்று தள்ளுபடியாகும்.

இனி, விற்பனையைச் சட்டமாக்கிய நாடுகளைப் பார்ப்போம். சட்டமானதும் அவர்கள் செய்த முதல் வேலை டேப்பை எடுத்ததுதான். கலிபோர்னியாவில் பள்ளியிலிருந்து 600 அடி; உள்ளூராட்சி விரும்பினால் கூட்டிக் குறைக்கலாம். டென்வரில் 1,000 அடி. கனடாவின் ஒன்டாரியோவில் 150 மீட்டர். 2024இல் ஜெர்மனி கடை வேண்டாம், சங்கம் வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள் என்றது. அந்தச் சங்கமும் பள்ளிக்கு 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விற்பனையைச் சட்டமாக்காமல் சகித்துக்கொள்ள மட்டும் செய்கிற ஆம்ஸ்டர்டாமில் 250 மீட்டர். அங்கே ‘மெல்லோ யெல்லோ’ என்ற, நகரிலேயே மிகப் பழையதாகச் சொல்லப்பட்ட கடையை 2017 பிறந்ததும் இழுத்து மூடினார்கள். 230 மீட்டரில் ஒரு பள்ளி இருந்தது குற்றம். அது முடிதிருத்தக் கற்றுக்கொடுக்கும் பள்ளி.

இந்த அளவுகோலைக் கம்பத்துக்குக் கொண்டுவருவோம். நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு பள்ளியையும் மையமாக வைத்து 600 அடிக்கு, அதாவது 183 மீட்டருக்கு, காம்பஸால் வட்டம் போட வேண்டும். ஆம்ஸ்டர்டாம் முன்னுதாரணத்தை மதித்து டியூஷன் சென்டர், தட்டச்சுப் பயிலகம், தையல் வகுப்பு, அழகுக்கலைப் பயிற்சி நிலையம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் டாஸ்மாக் வழக்கப்படி தாமாக வரும். மெயின் ரோட்டில் வட்டத்தோடு வட்டம் முட்டி, ஊர் முழுவதும் கறுப்பாகிவிடும். வணிகப் பகுதி என்று ஒதுக்கிய இடத்தில் தூரக் கட்டுப்பாடு கிடையாது என்ற டாஸ்மாக் விதியின் சலுகையைத் தந்தால் கொஞ்சம் வெளுக்கும். ஆனால் வணிகப் பகுதியில்தான் டியூஷன் சென்டர் மாடியில் இருக்கிறது.

ஊருக்கு வெளியே போனால் முல்லைப் பெரியாறு பாயும் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை. அதில் கடை கட்ட நிலவகை மாற்ற வேண்டும். வேளாண் இணை இயக்குநரின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கும் மேலே மலை. மலைக் கிராமம் என்றால் ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி. அதையும் தாண்டினால் 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். இந்த மாவட்டத்தில் இடம் கேட்பவர்கள் பொட்டிப்புரத்தை நினைவில் கொள்வது நல்லது. மின்னூட்டம் இல்லாத, நிறை இருக்கிறதா என்றே நெடுநாள் சந்தேகிக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத, யாரையும் தொடாமல் உடம்பு வழியாகவே போய்விடுகிற நியூட்ரினோவுக்கே மலைக்குள் இடம் கிடைக்காமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

எஞ்சுவது அளக்கும் முறை. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது; 2017 மார்ச்சில் 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு 220 ஆக்கியது. தூரத்தை நடைபாதை வழியே அளப்பார்கள் என்று தெரிந்ததும், கேரளத்தில் வடக்குப் பறவூரில் ஒரு பார் தன் வாசலில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் நடைவழி கட்டி மீதத் தூரத்தைச் சேர்த்துக்கொண்டது. கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. பறவூர்க்காரர் கைக்காசு போட்டுக் கட்டியதை இங்கே நெடுஞ்சாலைத் துறை முன்னமே கட்டிக் கொடுத்திருக்கிறது. நடைவழிக் கணக்கை ஏற்றால் மாவட்டத்தின் மேற்கு முழுவதும் எல்லாவற்றிலிருந்தும் தொலைவு.

கடைசியாக, ஏற்கெனவே இயங்கும் நிலையங்கள். கடை வந்த பிறகு கட்டிய பள்ளியோ கோயிலோ கடையை நகர்த்த முடியாது என்பது மதுவிற்பனை விதியின் ஒரு நுட்பம். நாளைக்கே சட்டமாகிவிட்டால் இதே சலுகையை, மேல்நிலைப் பள்ளியின் பின்சுவர் ஓரம் பல காலமாகப் பொட்டலம் விற்பவரும் கேட்பார். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, வரி ரசீது எதுவும் அவரிடம் இராது. இடத்தையும் தேதியையும் நேரத்தையும் ஒருங்கே குறித்து, அரசு அலுவலர் கையெழுத்திட்ட ஆவணம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான். எனவே வரைவு விதியில் ‘தொழில் தொடர்ச்சிக்கான சான்று’ என்னும் இனத்துக்கு எதிரே, முதல் தகவல் அறிக்கையின் நகல் ஏற்கப்படும் என்று சேர்க்கலாம். ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை.