போட்டியின்றித் தேர்வு

நிஷி-கசாய், டோக்கியோ
மார்ச் மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஃபோன் பண்ணினால் இரண்டாவது நிமிஷமே அத்தை வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நீங்கள் பின்னாலிருந்து ஏதோ கத்துவது மட்டும் கேட்கிறது. அதனால்தான் கடிதம். அத்தை கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்கள் படித்து முடித்துவிடலாம்.

விஷயம் இதுதான். நான் தலைவர் ஆகிவிட்டேன். 2011-இல் நீங்கள் கவுன்சிலருக்கு நின்றீர்கள். 2022-இல் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் அத்தையை நிறுத்தினீர்கள். ஆட்டோ, மைக் செட், நோட்டீஸ், பிரியாணி என்று இரண்டு தடவையும் கை சுட்டதுதான் மிச்சம். எனக்கோ ஒரு பைசா செலவில்லாமல், போட்டியின்றிக் கிடைத்தது. வயிறு எரிய வேண்டாம். முழுவதும் படியுங்கள், பரிதாபப்படுவீர்கள்.

இங்கே பேட்டைக்குப் பேட்டை ஒரு சங்கம் உண்டு, ச்சோனாய்காய் என்பார்கள். பத்துப் பதினைந்து வீடு சேர்ந்தால் ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், ஹன்ச்சோ என்பார்கள். தேர்தல் எல்லாம் கிடையாது, வீட்டு வரிசைப்படி முறை வரும். ஏப்ரல் பிறந்தால் பொறுப்பு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும். போன ஏப்ரலில் எங்கள் வாசலில் வந்து நின்றது. பெயர் என்னவோ உங்கள் மாப்பிள்ளை பெயர்தான். அவர் காலையில் தோசாய் லைன் ரயில் பிடித்து ஓதேமாச்சி போனால் ராத்திரிதான் வீடு. "நீதானே வீட்டில் இருக்கே" என்று ஒரே வரியில் ஆட்சி கை மாறியது. அங்கே பெயர் அத்தையுடையது, அதிகாரம் உங்களுடையதாக இருந்திருக்கும். இங்கே பெயர் அவருடையது, விளக்குமாறு என்னுடையது.

ஆமாம், விளக்குமாறுதான். பதவியேற்பு விழா எங்கள் வாசலிலேயே நடந்தது. எதிர்வீட்டுப் பாட்டிதான் பழைய ஹன்ச்சோ. குனிந்து கும்பிட்டுவிட்டு ஒரு பையை நீட்டினார். கையில் மாட்டும் மஞ்சள் பட்டி, சந்தா ரசீதுப் புத்தகம், சுற்றறிக்கைக் கோப்பு, நீள இடுக்கி, முறம், துடைப்பம். மாலையும் பொன்னாடையும் இருக்குமோ என்று பையின் அடிவரை துழாவிப் பார்த்தேன். ஒரு ஜோடி ரப்பர் கையுறை இருந்தது.

முதல் இலாகா குப்பை. இங்கே குப்பையை வெறுமனே போட முடியாது மாமா, அதற்குப் படித்துப் பாஸ் பண்ண வேண்டும். எரியும் குப்பைக்கு வாரம் இரண்டு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பேப்பர், பாட்டில், டப்பாவுக்கு ஒரு நாள், எரியாததற்கு மாதம் இரண்டு நாள். தண்ணீர் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கித்தான் வைக்க வேண்டும். இதற்கே மூச்சு வாங்கினால், ஷிகோகு தீவில் காமிகாட்சு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அந்த ஊர் ஹன்ச்சோவை நினைத்துத்தான் நான் மனதைத் தேற்றிக்கொள்வேன். எட்டு மணிக்குள் தெருமுனையில் பையை வைத்து, மேலே வலையை இழுத்து மூட வேண்டும். லாரி வந்து போனதும் நான் போய்ச் சிந்தியதைக் கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வலையை மடித்து வைக்க வேண்டும்.

வலை எதற்கு என்கிறீர்களா? காக்காய்க்கு. நாம் அமாவாசைக்கு மொட்டைமாடியில் இலை போட்டுத் தொண்டை வறளக் கூப்பிடுவோமே, இங்கே கூப்பிடாமலே வருகிறார்கள் முன்னோர்கள். நம்மூர்க் காக்காயைவிடப் பெரிசு, தடித்த மூக்கு, கொஞ்சங்கூடக் கூச்சம் கிடையாது. பையைக் கிழித்து நேற்று ராத்திரி யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெருவுக்கே கடைபரப்பிவிடும். இஷிஹாரா என்பவர் டோக்கியோ ஆளுநராக இருந்தபோது 2001-இல் காக்காயைக் குறைக்கவே அரசாங்கத் திட்டம் ஒன்று போட்டார். அதற்குப் பிறகும் எங்கள் தெருமுனையில் கோரம் குறைந்ததே இல்லை. முதலில் இடுக்கியைத் தூக்கிக்காட்டி விரட்டும்போது பாட்டையா ஞாபகம் வந்து கை கூசியது. இப்போது கூசுவதில்லை.

காக்காயைக்கூடச் சமாளித்துவிடலாம். மூன்றாவது வீட்டுத் தாத்தா இருக்கிறாரே! ஒரு காலத்தில் மீன்கடை வைத்திருந்தவர், இப்போது தனிக்கட்டை. காலை ஏழே முக்காலுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு பையையும் பார்வையிடுவார். எங்கள் பையில் முருங்கைக்காய்ச் சக்கையைப் பார்த்துவிட்டு அது மரக்கட்டை, வேறு கிழமைக்குப் போக வேண்டியது என்று வாதாடினார். சாப்பாட்டுக் கழிவு என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய வார்த்தைகளை எல்லாம் கொட்டியும் நம்பவில்லை. கடைசியில் ஒரு துண்டை அவர் எதிரிலேயே மென்று காட்டினேன். "ஹோ" என்றார். அந்த வழக்கு தீர்ந்தது. கல்லூரியில் வைவாவுக்குப் போய்ப் பேச வராமல் அழுதுகொண்டே வந்தவள் நான், உங்களுக்குத்தான் தெரியுமே. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே" என்று நீங்கள் கேட்காத நாள் உண்டா?

மேல்மாடியில் ஒரு நேபாளத்துப் பையன். பகலில் படிப்பு, ராத்திரி கடையில் வேலை. விடியற்காலை வந்து எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவான். லாரிக்காரர்கள் "எடுக்க இயலாது" என்று ஸ்டிக்கர் ஒட்டி விட்டுப்போவார்கள். குப்பை அநாதையாக நிற்கும், தெருவே மௌனமாகக் கோபப்படும். இவர்கள் கோபத்தில் கத்த மாட்டார்கள் மாமா, அதுதான் பயமே. ஒருநாள் அவன் வருகிற நேரத்துக்குக் காத்திருந்து, அதட்டாமல் டீ போட்டுக்கொடுத்து, கிழமைவாரியாகப் படம் வரைந்த தாளைக் கையில் கொடுத்தேன். அவனுடைய அரைகுறை ஜப்பானியமும் என்னுடைய அரைகுறை ஜப்பானியமும் சேர்ந்து ஒரு முழு ஒப்பந்தம் போட்டன. அதன்பிறகு ஸ்டிக்கர் இல்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கு இந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஓட்டலில் வைத்துத் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுத்தது. சான்றிதழோடு வந்தார். அன்று எரியாத குப்பை நாள், பழுதான குக்கரைக் கீழே கொண்டு வைக்கச் சொன்னேன். இது எந்தக் கிழமை என்று என்னிடமே கேட்டார்.

அடுத்தது கூட்டம். காக்காய் வலை கிழிந்து தொங்குகிறது, அதற்குப் பதில் மடக்கி வைக்கிற வலைப்பெட்டி வாங்கலாம் என்பது என் தீர்மானம். நம்மூர் என்றால் மைக்கைப் பிடுங்கிப் பேசி, நாற்காலி பறந்து, வெளிநடப்பு நடந்து ஒரு முடிவுக்கு வரும். இங்கே எழுந்து நின்று சொன்னேன், எல்லோரும் "சோ தேஸ் நே", அதாவது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வெற்றி என்று வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் எதிர்வீட்டுப் பாட்டிதான் ரகசியம் சொன்னார்: கூட்டத்துக்கு முன்னாலேயே வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கலந்து பேசிவிட வேண்டுமாம். முடிவு வாசலில் நடக்கும், கூட்டம் அதற்குத் தலையாட்ட மட்டும். அத்தை அனுப்பிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதிப் பேருக்குப் பல்செட், மரியாதைக்காக வாயில் போட்டு வெகுநேரம் ஊறவைத்தார்கள். மெல்ல முடியாத நேரத்தில் மறுத்துப் பேசவும் முடியாதல்லவா? அடுத்த கூட்டத்தில் பெட்டி பாஸ்.

இந்தச் சங்கங்களுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1940-இல், போர்க்காலத்தில், உள்துறை அமைச்சகமே உத்தரவு போட்டு நாடு முழுக்க அமைத்தது. ரேஷன் பிரிப்பது, தீயணைக்க வாளி கைமாற்றுவது, கூடவே அக்கம்பக்கத்தை வேவு பார்ப்பது. போரில் ஜெயித்த அமெரிக்கர்கள் 1947-இல் கலைத்துப் போட்டார்கள். 1952-இல் அவர்கள் ஆட்சி முடிந்ததும் வேறு வேறு பெயரில் இருந்தவையெல்லாம் பழையபடி தலைதூக்கிவிட்டன. வேவு போய்விட்டது, வாளி போகவில்லை. மீன்கடைத் தாத்தா மட்டும் வேவையும் விடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வாளி என்றதும் செப்டம்பர் ஞாபகம் வருகிறது. 1923 செப்டம்பர் 1-இல் வந்த பூகம்பத்தில் டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்து சாம்பலாயின. அந்த நாளில் நாடெங்கும் பேரிடர்ப் பயிற்சி. எங்கள் பகுதிக்குப் பூகம்பம் மட்டும் பயமில்லை. எங்கள் எதோகவா வட்டாரத்தில் பத்தில் ஏழு பங்கு நிலம் அலை ஏறும்போது கடல்மட்டத்துக்குக் கீழேதான். 2019-இல் வட்டார நிர்வாகம் வீட்டுக்கு வீடு கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தது. வரி மட்டும் இங்கேயே கட்ட வேண்டும்.

பயிற்சியில் தீயணைப்பான் பிடித்து அடிக்கும் முன்னால் "காஜி தா!" என்று கத்த வேண்டும், தீ தீ என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லத்தான். ஹன்ச்சோதான் முதலில். எனக்கு வந்தது கொசு சத்தம். தீயணைப்பு வீரர் மிகப் பணிவாக, "மன்னிக்கவும், தீக்குக் கேட்கவில்லை" என்றார். மறுபடி கத்தினேன். இன்னும் என்றார். கடைசியில் கண்ணை மூடி, நம்மூர்த் தேர் இழுக்கும்போது கத்துகிற சத்தத்தில் கத்தினேன். குழந்தைகள் கைதட்டின, ஒரு நாய் ஓடிப்போனது. மதியம் அவசரகாலச் சோறு. காய்ந்த அரிசிப் பொட்டலம், வெந்நீர் விட்டால் 15 நிமிஷம், பச்சைத்தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம். பேரிடர் சமயத்தில் உயிர் பிழைக்கலாம், ருசிக்க முடியாது. பையிலிருந்து பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்தேன். வரிசை என் பக்கம் திரும்பிவிட்டது.

அந்தத் தொண்டைக்கு டிசம்பரில் வேலை வந்தது. வருஷக் கடைசி ராத்திரிகளில் கட்டையைத் தட்டிக்கொண்டு "ஹி நோ யோஜின்!" என்று தெருத்தெருவாகப் போவோம், நெருப்பு ஜாக்கிரதை என்று. நம்மூர்க் குடுகுடுப்பைக்காரர் ராத்திரி வருவாரே, அப்படித்தான், நல்ல காலம் பொறக்குது மட்டும் சொல்ல மாட்டோம். கம்பளிக்குமேல் மஞ்சள் பட்டி, மூக்கு நுனி மரத்துப்போச்சு, முன்னால் கட்டையோடு நான், பின்னால் ஐந்தாறு கிழவர்கள். அத்தை பார்த்திருந்தால் சுத்திப் போட்டிருப்பார்கள்.

ஜனவரியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சுற்றறிக்கைக் கோப்பு ஒவ்வொரு வீடாகப் போகும். படித்து, முத்திரை குத்தி, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். அந்த வாரம் கோப்பு திரும்பி வரவில்லை. தேடிப் போனால் மீன்கடைத் தாத்தா வீட்டுக் கதவுப்பிடியில் தொங்குகிறது. காலையில் குப்பை பார்வையிடவும் ஆளைக் காணோமே என்று அப்போதுதான் உறைத்தது. மணி அடித்தேன், பதிலில்லை. தபால் போடுகிற இடுக்கைத் தூக்கிக் கத்தினேன், பயிற்சியில் கத்திய அதே தொண்டை. உள்ளேயிருந்து ஒரு முனகல். 119 போட்டேன். தீயா, ஆம்புலன்ஸா என்பதுதான் அவர்கள் முதல் கேள்வி, அதையும் செப்டம்பரிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "க்யூக்யூ தேஸ்", ஆம்புலன்ஸ்தான் என்றேன். விலாசத்தைக் கோப்பிலிருந்த வீட்டுப் பட்டியலைப் பார்த்தே ஒப்பித்தேன். பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருக்கும் என்று எதிர்வீட்டுப் பாட்டி ஓடிவந்தார். தாத்தா கழிவறை வாசலில் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்தார். போர்வையைப் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இன்றைக்கு பிளாஸ்டிக் நாளா?

போன வாரம் கைத்தடியோடு வந்துவிட்டார். நன்றி சொல்லப் பழக்கூடை கொண்டுவந்தார். போகிற வழியில் புது வலைப்பெட்டியை நின்று பார்த்தார். மடிப்பு சரியில்லையாம், பிரித்து மறுபடி மடிக்கச் சொன்னார். மடித்தேன்.

ஏப்ரலில் என் பதவிக்காலம் முடிகிறது. அடுத்த முறை யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மேல்மாடி நேபாளத்துப் பையனுக்கு. நேற்று பையையும் பட்டியையும் காட்டி விளக்கினேன். முகம் வெளுத்து, இதிலிருந்து விலக முடியாதா என்றான். 2005-இல் ஒரு குடியிருப்புச் சங்க வழக்கில் இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே, உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, தாராளமாக விலகு என்றேன். அவனுக்குச் சந்தோஷம். "ஆனால் தாத்தா தீர்ப்பைப் படிக்கவில்லை, காலை ஏழே முக்காலுக்கு வந்துவிடுவார்" என்றேன். பட்டியை வாங்கி மாட்டிப் பார்த்துக்கொண்டான்.

அத்தையிடம் பருப்புப்பொடி ஒரு கிலோவாக அனுப்பச் சொல்லுங்கள். அரைக் கிலோ இப்போது தெருவுக்குக் காணாது. கடலைமிட்டாய் வேண்டாம், எள்ளுருண்டை மெதுவாகப் பிடித்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: மாப்பிள்ளை நமஸ்காரம் சொல்லச் சொன்னார். இன்று பேப்பர் குப்பையைக் கட்டி வைத்தது அவர்தான். கயிற்றைத் தாத்தா அவிழ்த்து மறுபடி கட்டினார்.