மாலை மரியாதை

கே: எங்கள் ஊர் பசிலிக்கா ஜெபமாலை அன்னைக்குரியது. இந்த மாலையைப் பழைய ஐரோப்பிய ஓவியர் யாராவது வரைந்திருக்கிறார்களா?
– ஒரு வாசகர், கருமத்தம்பட்டி

ப: ஓ! 1506-ல் வெனிஸில் ஆல்பிரெக்ட் டூரர் வரைந்த ‘ஜெபமாலை விழா’. அதில் மணிமாலை அல்ல, நிஜ ரோஜா மாலை! ‘ரோஸரி’ என்ற சொல்லிலேயே ரோஜா இருக்கிறதே. முக்கோண அமைப்பு; உச்சியில் மாதா. கீழே ஒருபுறம் போப், மறுபுறம் பேரரசர். கிரீடங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, தலையில் அந்த மாலையை ஏற்க மண்டியிட்டிருக்கிறார்கள். (நம்மூர் மேடைகளில் மாலை விழ விழத் தலைக்கனம்தான் ஏறும்.) மாதா காலடியில் குட்டி தேவதை ஒன்று லூட் மீட்டுகிறது. வலது ஓரம், மரத்தடியில் கையில் காகிதத்தோடு நிற்பவர்? டூரரேதான். ‘ஐந்து மாதத்தில் முடித்தேன்’ என்று அதில் எழுதியிருக்கிறார். ஃபிளெக்ஸ் பேனர் ஓரத்தில் தன் படத்தையும் போட்டுக்கொள்ளும் ஆசாமி அன்றைக்கே இருந்திருக்கிறார்!